இரண்டே கியர்

பெட்டி மட்டும் போதும் என்றாள் லுல்வா,
வண்டி வேண்டாம்.
சித்ராவில் பழைய இரும்புக் கடைக்காரன்
இருபது தினார் என்று எழுதிப்
பதினாறுக்குக் கொடுத்தான்.
அறுபத்தாறாம் வருஷத்து இம்பாலாவின் பவர்கிளைடு.
பிக்அப்பிலிருந்து இறக்க நான்கு பேர்.
ஸர்வர் கான் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டான்.

ஏற்கெனவே பன்னிரண்டு வைத்திருக்கிறாள்,
ரிஃபாவில், வீட்டுக் கராஜில்,
கார் நிற்கவேண்டிய இடத்தில் ஷெல்ஃப் அடித்து,
துடைத்து, எண் எழுதி.
அவள் ஓட்டுவது என்னவோ
சத்தமே போடாத ஒரு கொரியன் கார்.
அது வெயிலில் நிற்கிறது.

அடித்தட்டைக் கழற்றினேன்.
சிவப்பு எண்ணெய் வரவேண்டிய இடத்தில்
ரோஸ் மில்க்.
கல்யாண வீட்டில் வாசலிலேயே நீட்டுவார்களே,
அதே நிறம், அதே நுரை.
ஏதோ ஒரு கோடையில் ரேடியேட்டர் உள்ளுக்குள் ஓட்டையாகித்
தண்ணீர் கலந்திருக்கிறது.
பிளேட்டுகளில் ஒட்டியிருந்த காகிதம் ஊறி உப்பி
நகம் பட்டதும் உரிந்தது.
செத்தது, என்றான் பிஜுமோன்
ஸ்டோர் ரூமிலிருந்து எட்டிக்கூடப் பார்க்காமல்.

சாகவில்லை.
இந்த ஊரில் பெட்டியைக் கொல்வது கிலோமீட்டர் இல்லை,
சூடு.
ஆகஸ்டில் சிக்னல் சிக்னலாக நின்று எண்ணெய் கருகிவிட்டால்
டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே போதும்:
தீய்ந்த வேர்க்கடலை.
இதில் அந்த வாடை இல்லை.
காகிதம் போனது போனதுதான், மாற்றிக்கொள்ளலாம்.
டிரம்மைக் கையால் சுற்றினேன், சுற்றியது.
பல்சக்கரத்தில் ஒரு பல்கூட மூளியில்லை.
உடைவதற்கு உள்ளே அதிகம் வைக்கவுமில்லை அவர்கள்.
இரண்டே கியர்.
கிளம்ப ஒன்று, போக ஒன்று.

எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டாள்.
ஆஸ்பத்திரியில் மயக்கமருந்து டாக்டர்.
ஆளை நியூட்ரலில் போட யாராலும் முடியும்,
திரும்ப டிரைவில் போடத்தான் சம்பளம் என்பாள்,
எனக்கும் அவளுக்கும் அரைகுறையாகத் தெரிந்த இந்தியில்.

ஷெல்ஃபில் வைத்தால் அஞ்சு வருஷம், என்றேன்.
ரப்பர் காய்ந்து பிஸ்கட் ஆகிவிடும்.
ஓட்டினால்?
ஓட்டினால் தெரியாது மேடம். என்னைவிட அதிகம்.

அன்று அவள் வேறெதுவும் கேட்கவில்லை.
பன்னிரண்டையும் மனசுக்குள் தட்டிப் பார்த்திருப்பாள்.

பிளேட்டும் சீலும் அமெரிக்காவிலிருந்து வந்தன,
முப்பத்தெட்டு தினார், கூரியர் தனி.
இட்லி அரிசி மாதிரி
பிளேட்டுகளை ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறப்போட்டோம்.
காலையில் ஒவ்வொன்றாக அவளே எடுத்து அடுக்கினாள்,
கையுறை இல்லாமல்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை
பக்கத்து வீட்டு மிஷாலின் இம்பாலாவை
கயிறு கட்டி இழுத்து வந்தாள்.
நாலு வருஷம் உறைக்குள் கிடந்த வண்டி,
டயரெல்லாம் ஒரு பக்கம் சப்பை.
இரவல்தான், என்றாள். பெட்டி என்னுடையது.

ஐந்தரைக்கு வெயில் இறங்கியது, புழுக்கம் இறங்கவில்லை.
சல்மாபாத் ஒர்க்‌ஷாப் சந்துகளில் ஆளே இல்லை.
அவள் ஓட்ட, நான் பக்கத்தில்,
பின் சீட்டில் கட்டுப்போட்ட விரலோடு ஸர்வர் கான்.
முதல் கியர் இழுத்தது.
இழுத்துக்கொண்டே இருந்தது.
முள் முப்பது மைலைத் தாண்டி,
இனி மாறாது, நான் எதையோ தப்பாக மாட்டிவிட்டேன்
என்று வயிறு கலங்கின இடத்தில்
ஒரு மூச்சு.
அவ்வளவுதான். எஞ்சினின் குரல் தணிந்தது.

லுல்வா நடுத்தெருவில் பிரேக் போட்டாள்.
என்ன உடைந்தது என்று நான் குனிவதற்குள்
மறுபடி மிதித்தாள்.
இழுவை. மூச்சு. பிரேக்.
மறுபடி.

எட்டுத் தடவை என்று ஸர்வர் கான் பஷ்தோவில் எண்ணினான்.
பெட்டியில் பதின்மூன்று என்று எழுத
அவள் கொண்டுவந்திருந்த வெள்ளைப் பெயிண்ட் பேனா
டாஷ்போர்டில்
அவள் பக்கம் உருண்டது,
கண்ணாடிப் பக்கம் உருண்டது.